விற்பனையாளர் மாதிரி இயந்திரங்கள்

விற்பனையாளர் மாதிரி இயந்திரம் என்பது, ஒரு பொருளை வாங்கக்கூடியவர்களுக்கு இயக்கிக் காட்டி விற்பதற்காக, அப்பொருளின் வடிவத்தையும் இயக்கத்தையும் சிறிய அளவில் கொண்டதாகச் செய்யப்பட்ட சிற்றுரு ஆகும். 19ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதி முதல் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதி வரை ஐக்கிய அமெரிக்காவில் ஊர் ஊராகச் சென்ற பயண விற்பனையாளர்கள் இத்தகைய மாதிரிகளைப் பெட்டிகளில் எடுத்துச் சென்றனர். சமையல் அடுப்பு, சலவை இயந்திரம், துணி பிழியும் பொறி, பனிக்கட்டிப் பெட்டி போன்ற வீட்டுப் பொருட்களுக்கும், கதிர் அறுக்கும் இயந்திரம், காற்றாலை, நீரேற்றி போன்ற பண்ணைப் பொருட்களுக்கும் மாதிரிகள் செய்யப்பட்டன.

இன்று இவை பழம்பொருள் சேகரிப்பாளர்களால் பெரிதும் விரும்பப்படுகின்றன. ஆனால் சந்தையில் "விற்பனையாளர் மாதிரி" என்னும் பெயருடன் வரும் சிற்றுருக்களுள் பல, உண்மையில் சிறுவர் விளையாட்டுப் பொருட்களாகவோ, காப்புரிமை மாதிரிகளாகவோ, பிற்காலப் போலிகளாகவோ உள்ளன. எனவே இவற்றைப் பிரித்தறிவது இத்துறையின் அடிப்படைத் திறனாகக் கருதப்படுகின்றது. இக்கட்டுரை வீட்டு இயந்திரங்களின் மாதிரிகளைப் பற்றியது.

பெயரும் வரையறையும்

ஆங்கிலத்தில் இவை "சேல்ஸ்மேன் சாம்பிள்" எனப்படுகின்றன. துணி, பொத்தான், தாள் போன்றவற்றை விற்பவர் அப்பொருளிலேயே ஒரு துண்டை மாதிரியாக எடுத்துச் செல்லலாம். நூற்றுக்கணக்கான கிலோகிராம் எடையுள்ள வார்ப்பிரும்பு அடுப்பை அவ்வாறு எடுத்துச் செல்ல இயலாது. இந்த இடர்ப்பாட்டிலிருந்தே சிற்றுரு மாதிரிகள் தோன்றின.

ஒரு சிற்றுருவை விற்பனையாளர் மாதிரி என்று கொள்வதற்குப் பொதுவாக மூன்று இயல்புகள் எதிர்பார்க்கப்படுகின்றன.

1. அது உண்மையில் விற்பனைக்கு வந்த ஒரு முழு அளவுப் பொருளின் சிற்றுருவாக இருத்தல் வேண்டும்.
2. வாங்குபவர் கேட்கக்கூடிய கேள்விகளுக்கு விடையளிக்கும் பகுதிகள் அதில் இயங்குதல் வேண்டும்.
3. அது விற்பதற்காக அன்றி, விற்பனைக்குத் துணையாகச் செய்யப்பட்டிருத்தல் வேண்டும்.

இவற்றுள் மூன்றாவதை நிறுவுவதே கடினமானது. பொருளை மட்டும் பார்த்து, அது எந்த நோக்கத்துக்காகச் செய்யப்பட்டது என்று எப்போதும் கூறிவிட முடியாது.

வரலாறு

பயண விற்பனையாளர்கள்

அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865 இல் முடிவடைந்த பின் தொடருந்துப் பாதைகள் விரைவாக விரிவடைந்தன. கிழக்கிலும் நடுமேற்கிலும் இருந்த தொழிற்சாலைகள், தொலைவிலிருந்த சிற்றூர்க் கடைகளுக்கு நேரடியாகப் பொருட்களை விற்க முற்பட்டன. இதற்கென அமர்த்தப்பட்ட பயண விற்பனையாளர்கள் பேச்சுவழக்கில் "டிரம்மர்", அதாவது பறையடிப்பவர், என அழைக்கப்பட்டனர். தொடருந்து நிலையங்களுக்கு அருகிலிருந்த விடுதிகள், இவர்கள் தம் சரக்கை விரித்துக் காட்டுவதற்கென "மாதிரி அறை" என்ற தனி அறைகளை வைத்திருந்தன. உள்ளூர்க் கடைக்காரர்கள் அங்கு வந்து பார்த்துவிட்டு முன்பதிவு செய்வர். பொருள் பின்னர்த் தொடருந்தில் வந்து சேரும்.

இவ்வாறு விற்பதில் சட்டச் சிக்கல்களும் இருந்தன. உள்ளூர் வணிகரைக் காக்கும் பொருட்டுப் பல மாநிலங்களும் நகரங்களும், வெளியூரிலிருந்து மாதிரி காட்டி விற்க வருபவர்கள் கட்டணம் செலுத்தி உரிமம் பெறவேண்டும் என விதித்தன. டென்னசி மாநிலத்தின் மெம்பிஸ் நகரில் இவ்வாறு உரிமமின்றி விற்ற ஒருவர் தொடர்பான ராபின்ஸ் எதிர் ஷெல்பி மாவட்ட வரி வட்டாரம் என்னும் வழக்கில், 1887 இல் ஐக்கிய அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. வேறு மாநிலப் பொருட்களை மாதிரி காட்டி விற்பவர் மீது விதிக்கப்படும் இத்தகைய வரி, மாநிலங்களுக்கு இடையேயான வணிகத்தின் மீது விதிக்கப்படும் வரியே என்றும், அதனால் அது செல்லாது என்றும் நீதிமன்றம் கூறியது. மாதிரி காட்டி விற்கும் முறைக்கு இது பெரிய ஊக்கமாக அமைந்தது.

வீழ்ச்சி

மாதிரிகளின் தேவை குறைந்ததற்குப் பல காரணங்கள் உள்ளன. மான்ட்கோமரி வார்டு நிறுவனம் 1872 இல் அஞ்சல்வழி விற்பனைப் பட்டியலைத் தொடங்கியது. சியர்ஸ் நிறுவனமும் பின்னர் இத்துறையில் பெரிதாக வளர்ந்தது. 1896 இல் தொடங்கிய ஊர்ப்புற இலவச அஞ்சல் விநியோகமும், 1913 சனவரி 1 அன்று தொடங்கிய பொதி அஞ்சல் சேவையும் பட்டியல் விற்பனையை வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தன. நிழற்படங்களை மலிவாக அச்சிட முடிந்தமையால் பொருளின் தோற்றத்தைக் காட்டச் சிற்றுரு தேவைப்படவில்லை.

பொருட்களும் மாறின. மின்சாரத்தில் இயங்கும் சிறிய கருவிகளை நேரடியாகவே வீட்டுக்குக் கொண்டுசென்று காட்ட முடிந்தது. ஹூவர் வெற்றிடத் துப்புரவுக் கருவியின் 1908 ஆம் ஆண்டு விளம்பரம், பத்து நாட்கள் வீட்டில் வைத்து இலவசமாகப் பயன்படுத்திப் பார்க்குமாறு அழைத்தது. உண்மைப் பொருளே வாசலுக்கு வரும்போது அதன் சிற்றுருவுக்கு வேலை இல்லை. தானுந்துகளின் பரவல் மற்றொரு காரணமாகும். எனினும் பெரிய பொருட்களுக்கு மாதிரிகள் மேலும் சில காலம் நீடித்தன. இந்தியானா மாநிலத்தின் மன்சி நகரிலிருந்த கிளாஸ்காக் சகோதரர்கள் நிறுவனம் 1929 இல் கோக்கா-கோலாவுக்காகச் செய்த குளிர்ப்பெட்டியின் சிறிய மாதிரி, இக்காலத்தைச் சேர்ந்த புகழ்பெற்ற எடுத்துக்காட்டாகும். முழு அளவுப் பெட்டி 12.50 டாலருக்குக் கடைகளுக்கு விற்கப்பட்டது.

ஒத்த தோற்றமுடைய பிற சிற்றுருக்கள்

காப்புரிமை மாதிரிகள்

ஐக்கிய அமெரிக்காவில் 19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில், காப்புரிமைக்கு விண்ணப்பிப்பவர் தம் கண்டுபிடிப்பின் மாதிரியையும் தரவேண்டியிருந்தது. இவை எப்பக்கத்திலும் 12 அங்குலத்தை மிஞ்சலாகாது என்பது விதி. காப்புரிமை அலுவலகத்தில் 1836 திசம்பரில் நிகழ்ந்த தீவிபத்தில் ஏறத்தாழ 7,000 மாதிரிகளும், 1877 செப்டம்பரில் நிகழ்ந்த தீவிபத்தில் ஏறத்தாழ 80,000 மாதிரிகளும் அழிந்தன. இடப் பற்றாக்குறையால் 1880 முதல் மாதிரி கேட்கும் வழக்கம் பெரும்பாலும் கைவிடப்பட்டது. எஞ்சியவற்றுள் ஒரு பகுதி சிமித்சோனியன் நிறுவனத்துக்குச் சென்றது. மற்றவை 1920களில் விற்கப்பட்டுத் தனியாரிடம் சிதறின. டெலவேர் மாநிலத்தின் ஹாக்லி அருங்காட்சியகத்தில் இன்று ஏறத்தாழ 5,000 காப்புரிமை மாதிரிகள் உள்ளன.

காப்புரிமை மாதிரி ஒரு தேர்வாளருக்குக் கருத்தை விளக்குவது. எனவே அதில் புதுமையான பகுதி மட்டும் கவனமாகச் செய்யப்பட்டு, ஏனையவை எளிய மரத்துண்டுகளாக இருக்கலாம். பொதுவாக ஒன்றே ஒன்றுதான் செய்யப்பட்டிருக்கும். விற்பனையாளர் மாதிரியில் பளபளப்பான பூச்சு, நிறுவனத்தின் பெயர், வண்ணக் கோடுகள் ஆகியவை காணப்படும். அது தொழிற்சாலையில் பல படிகளாகச் செய்யப்பட்டிருக்கக்கூடும்.

சொப்புச் சாமான்கள்

மிகுந்த குழப்பம் விளைவிப்பவை சிறுமியருக்கான சொப்புச் சாமான்களே. இல்லினாய் மாநிலத்தின் ஃபிரீபோர்ட் நகரிலிருந்த ஆர்கேட் நிறுவனம், காப்பிக்கொட்டை அரைக்கும் கருவிகளுடன் வார்ப்பிரும்பு விளையாட்டுப் பொருட்களையும் செய்தது. கிரேன் குளியலறைச் சாதனங்கள், ரோப்பர் அடுப்பு, லியோனார்டு குளிர்ப்பெட்டி போன்ற உண்மை வணிகப் பெயர்களைத் தாங்கிய பொம்மைகளும் அவற்றுள் இருந்தன. ஒரு சிற்றுருவில் உண்மை நிறுவனத்தின் பெயர் இருப்பது மட்டும் அது விற்பனையாளர் மாதிரி என்பதற்குச் சான்றாகாது என்பதை இவை காட்டுகின்றன.

சில அடுப்புகள் குறித்து இன்றும் ஒருமித்த கருத்து இல்லை. செயின்ட் லூயிஸ் நகரின் பக்ஸ் நிறுவனத்தின் "ஜூனியர்" அடுப்பும், இல்லினாயின் பெல்வில் நகரிலிருந்த கார் நிறுவனத்தின் நீல எனாமல் பூசப்பட்ட சிறிய அடுப்பும் இத்தகையன. இவற்றைச் சிலர் மாதிரி என்பர், சிலர் உயர்தரப் பொம்மை என்பர்.

சிறிய அளவிலான உண்மைக் கருவிகள்

சில பொருட்கள் இயல்பாகவே சிறியவை. செயின்ட் லூயிசில் செய்யப்பட்ட டேசி கண்ணாடிச் சாடி வெண்ணெய்க் கடைபொறிகளில், எண் 40 என்பது நான்கு குவார்ட்டு கொள்வது, எண் 20 இரண்டு குவார்ட்டு கொள்வது. மிகச் சிறியதும் அரியதுமான எண் 10, ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவான ஒரு குவார்ட்டு கொள்வது. இது சிலவேளைகளில் மாதிரி எனத் தவறாகக் குறிப்பிடப்படுகின்றது. உண்மையில் இது சிறு குடும்பங்களுக்கென விற்கப்பட்ட கருவியாகும்.

முக்கிய வகைகள்

சமையல் அடுப்பு

வார்ப்பிரும்பு அடுப்பை வாங்குபவர் கேட்கும் முதன்மையான கேள்வி, வெதுப்பறை எல்லாப் பக்கமும் சீராகச் சூடாகுமா என்பது. இதற்கு விடை அடுப்பினுள் மறைந்திருக்கும் புகைவழியில் உள்ளது. தீ மூட்டும்போது, தடுப்புத் தகடு திறந்த நிலையில் புகை நேராகப் புகைபோக்கிக்குச் செல்லும். தீ நன்றாகப் பற்றியபின் தகட்டை மூடினால், சூடான வளிமம் வெதுப்பறையின் மேற்புறமாகச் சென்று, பக்கவாட்டில் இறங்கி, அடிப்புறத்தைச் சுற்றி, பின்னரே மேலேறும். நல்ல மாதிரியில் மேல்தட்டுகளைக் கழற்றி இவ்வழியைக் காட்ட முடியும். சாம்பல் தட்டு, அசையும் நெருப்புத் தட்டி, வெந்நீர்த் தொட்டி ஆகியனவும் தனித்தனியே கழலும்.

சலவை இயந்திரமும் பிழிபொறியும்

மின்னோடி பரவுவதற்கு முன், மரத்தொட்டியின் மூடியிலிருந்து தொங்கும் முளைகளுடைய கட்டை ஒன்று துணிகளை இருபுறமும் புரட்டும். கைப்பிடியின் அசைவைப் பற்சக்கரங்கள் இந்த முன்பின் சுழற்சியாக மாற்றின. சலவை நாள் முழுவதும் கைப்பிடியை அசைக்கப் போகும் பெண்ணுக்கு, அது எவ்வளவு எளிதாக அசைகின்றது என்பதே முக்கியம். மாதிரியின் கைப்பிடி அவரது கையிலேயே கொடுக்கப்பட்டது.

பிழிபொறி இரண்டு இரப்பர் உருளைகளைக் கொண்டது. மேலுள்ள திருகால் வில்லின் அழுத்தம் கூட்டப்படும். ஈரக் கைக்குட்டையைக் கொண்டே இதை விளக்கிவிடலாம் என்பதால், பிழிபொறியின் சிற்றுரு பயன்மிக்க மாதிரியாக அமைந்தது. ஆனால் இதே அளவில் சிறுமியருக்கான பிழிபொறிகளும் விற்கப்பட்டன.

பனிக்கட்டிப் பெட்டி

மின் குளிர்ப்பெட்டிக்கு முந்தைய இப்பெட்டிகளின் சுவர்களுக்கிடையில் மரத்தூள், தக்கை, கரி போன்றவை நிரப்பப்பட்டன. மேல் அறையிலுள்ள பனிக்கட்டியால் குளிர்ந்த காற்று கனத்துக் கீழிறங்கும், சூடேறிய காற்று மேலெழும். சில மாதிரிகளில் சுவரின் ஒரு பகுதி வெட்டப்பட்டு உள்ளிருக்கும் அடுக்குகள் தெரியுமாறு விடப்பட்டிருக்கும். இவ்வாறு வெட்டிக் காட்டுவது பொம்மைக்குத் தேவையற்றது. ஆகவே இது மாதிரி என்பதற்கு வலுவான அடையாளமாகும்.

தையல் இயந்திரமும் கம்பளத் துப்புரவியும்

"சிங்கர் விற்பனையாளர் மாதிரி" என்று அடிக்கடி விற்பனைக்கு வருவது, 1910 அளவில் அறிமுகமான சிங்கர் மாடல் 20 ஆகும். ஒரு சாணுக்கும் குறைவான உயரமுடைய இது, ஒற்றை நூலால் சங்கிலித் தையல் இடும் சிறுவர் இயந்திரம். முழு அளவு இயந்திரமோ இரட்டை நூலால் பூட்டுத் தையல் இடுவது. எனவே பெரியது எப்படித் தைக்கும் என்பதைச் சிறியது காட்டாது. மேலும் சிங்கர் முகவர்கள் முழு இயந்திரத்தையே வண்டியில் ஏற்றிச் சென்று காட்டினர்.

மெல்வில் பிசெல் 1876 இல் காப்புரிமை பெற்ற கம்பளத் துப்புரவியும் இவ்வாறானதே. கையில் தூக்கிச் செல்லத்தக்க எடையுடைய இதனை அவருடைய மனைவி அன்னா பிசெல் ஊர் ஊராகச் சென்று விற்றார். 1889 இல் கணவர் இறந்தபின் நிறுவனத்தையும் அவரே நடத்தினார். இந்நிறுவனத்தின் சிறிய துப்புரவிகள் சிறுவர்களுக்காகச் செய்யப்பட்டவை.

இவ்விரண்டிலிருந்தும் ஒரு பொது விதியைப் பெறலாம். முழு அளவுப் பொருளை ஒருவர் எளிதாகக் கொண்டுசெல்ல முடியுமெனில், அதன் சிற்றுருவை மாதிரி எனக் கூறுபவரே அதற்குச் சான்று காட்டுதல் வேண்டும்.

சிறிதாக்குவதில் உள்ள பொறியியற் சிக்கல்கள்

ஓர் இயந்திரத்தை நீளத்தில் நான்கில் ஒன்றாகக் குறைத்தால், அதன் பரப்பளவு 16இல் ஒன்றாகவும் கனவளவு 64இல் ஒன்றாகவும் குறையும். 60 லிட்டர் கொள்ளும் சலவைத் தொட்டியின் சிற்றுரு ஒரு லிட்டர்கூடக் கொள்ளாது. கனவளவுடன் ஒப்பிடப் பரப்பளவு நான்கு மடங்காகிவிடுவதால், சிறிய அடுப்பு வெப்பத்தை விரைவாக இழக்கும். ஆகையால் அடுப்பு மாதிரியால் புகைவழியைக் காட்ட முடிந்ததே தவிர, ரொட்டி சீராக வேகும் என்பதைக் காட்ட முடியவில்லை.

செய்பொருள்கள் எல்லாவற்றையும் ஒரே வீதத்தில் குறைக்க இயலாது. அடுப்பின் வார்ப்புத் தகடு 4 மில்லிமீட்டர் தடிப்பு எனில், சிற்றுருவில் அது 1 மில்லிமீட்டராக இருத்தல் வேண்டும். மணல் அச்சில் அவ்வளவு மெல்லிய இடைவெளியை உருகிய இரும்பு நிரப்புமுன் உறைந்துவிடும். எனவே மாதிரிகளின் தகடுகள் வீதத்துக்கு மிஞ்சித் தடித்தும், மாதிரி எதிர்பார்த்ததைவிடக் கனமாகவும் இருக்கும். மறையாணிகளும் கீல்களும் இவ்வாறே சற்றுப் பெரிதாகத் தோன்றும். இது குறையாகாது.

அடையாளம் காணுதல்

போலிகளையும் தவறான பெயரீடுகளையும் கண்டறியப் பின்வரும் சோதனைகள் பயன்படுகின்றன. இவற்றுள் எதுவும் தனித்து முடிவானதன்று.

வார்ப்புச் சுருக்கம்: உருகிய சாம்பல்நிற வார்ப்பிரும்பு உறைந்து குளிரும்போது ஏறத்தாழ 1 விழுக்காடு சுருங்கும். பழைய பொருளையே அச்சாக வைத்து வார்க்கப்படும் போலி, மூலத்தைவிட அந்த அளவுக்குச் சிறியதாக இருக்கும். 30 சென்டிமீட்டர் நீளத்தில் வேறுபாடு 3 மில்லிமீட்டர். ஐயமற்ற மூலத்தின் அளவுகள் கிடைக்குமானால் இதுவே மிக நம்பகமான சோதனை. போலியில் எழுத்துக்களின் விளிம்பு மழுங்கியும், மேற்பரப்பு சொரசொரப்பாகவும், பகுதிகளின் பொருத்தம் தளர்ந்தும் இருப்பது வழக்கம்.

காப்புரிமை நாள்: 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து ஐக்கிய அமெரிக்கக் காப்புரிமைகள் செவ்வாய்க்கிழமைகளில் வழங்கப்பட்டு வருகின்றன. சிங்கரின் காப்புரிமை நாளான 1851 ஆகத்து 12, பிசெல்லின் 1876 செப்டம்பர் 19, டேசி சாடிகளில் காணப்படும் 1922 பெப்ரவரி 14 ஆகிய மூன்றும் செவ்வாய்க்கிழமைகளே. வார்ப்பில் உள்ள நாள் வேறு கிழமையில் வருமானால் ஐயுறலாம். காப்புரிமை நாள் ஒரு பொருளின் மிக முந்தைய எல்லையை மட்டுமே காட்டும். அப்பொருள் அதன்பின் எந்த ஆண்டிலும் செய்யப்பட்டிருக்கலாம்.

காலத்துக்கு ஒவ்வாத பகுதிகள்: நான்முனைக் குறுக்குப் பள்ளமுடைய பிலிப்ஸ் திருகாணி 1930களின் நடுவில்தான் பயன்பாட்டுக்கு வந்தது. குரோமியப் பூச்சு 1920களின் நடுப்பகுதியிலிருந்தே வணிக அளவில் பரவியது. அதற்கு முந்தையவற்றில் நிக்கல் பூச்சே காணப்படும். 1890ஐச் சேர்ந்தது எனப்படும் ஒன்றில் இவை இருந்தால், அது பிற்காலத்தது அல்லது பழுது பார்க்கப்பட்டது.

தேய்மானம்: கை படும் இடங்களிலும் உரசும் இடங்களிலும் மட்டும் இயல்பான தேய்மானம் இருக்கும். எல்லா இடங்களிலும் ஒரே சீராகத் துருவும் அழுக்கும் இருப்பது செயற்கையாகப் பழமையூட்டப்பட்டதைக் குறிக்கலாம். புற ஊதா ஒளியில் பிற்காலப் பூச்சுகளும் பசைகளும் பலவேளைகளில் ஒளிரும்.

துணைச் சான்றுகள்: மாதிரிக்கென அளவெடுத்துச் செய்த சுமைப்பெட்டி, விலைப்பட்டியல், முன்பதிவுப் புத்தகம், தொழிற்சாலைப் பட்டியலில் முழு அளவுப் பொருளின் படம் ஆகியவை உடனிருப்பின் ஐயம் பெரும்பாலும் நீங்கும். இதனால் வெற்றுப் பெட்டிக்கும் கிழிந்த பட்டியலுக்கும்கூட மதிப்பு உண்டு.

பாதுகாத்தல்

புதிதுபோல் ஆக்கும் முயற்சியே இப்பொருட்களுக்குப் பெருங்கேடு விளைவிக்கின்றது. பழைய வண்ணத்தைச் சுரண்டி மீளப் பூசினால், மேலே கூறிய சான்றுகள் அனைத்தும் ஒரே நாளில் அழிந்துவிடும். பின்வருவன பொதுவாகப் பரிந்துரைக்கப்படுகின்றன.

* இரும்புப் பொருட்களை ஈரப்பதம் குறைந்த, வெப்பநிலை மாறாத இடத்தில் வைத்தல்.
* பிழிபொறியின் திருகைத் தளர்த்தி வைத்தல். அழுத்தத்திலேயே விட்டால் இரப்பர் உருளைகள் தட்டையாகிவிடும்.
* உலர்ந்த மரத்தொட்டிகளில் நீர் ஊற்றாதிருத்தல்.
* அடுப்பு மாதிரிகளில் தீ மூட்டாதிருத்தல். பழைய வார்ப்புகள் வெடிக்கவும் எனாமல் பெயரவும் கூடும்.
* பழைய வண்ணங்களில் ஈயமும், சில அடுப்புகளின் உட்பூச்சில் கல்நாரும் இருக்கக்கூடும் என்பதால் சிறுவர் கைக்கு எட்டாமல் வைத்தல்.
* எங்கே, எப்போது, யாரிடமிருந்து பெறப்பட்டது என்பதைப் பொருளுடன் சேர்த்து எழுதி வைத்தல்.

வரலாற்று முக்கியத்துவம்

முழு அளவு வீட்டு இயந்திரங்கள் பழுதானதும் எறியப்பட்டன. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், குறிப்பாக 1942 ஆம் ஆண்டின் பழைய இரும்புத் திரட்டல்களின்போது, ஏராளமான அடுப்புகளும் பண்ணைக் கருவிகளும் உருக்கப்பட்டன. பயன்பாட்டுத் தேய்மானத்துக்கு உட்படாத மாதிரிகள் அவ்வியந்திரங்களின் அமைப்பை அறிய இன்று உதவுகின்றன.

அக்காலப் பெண்களின் உழைப்பை அறிவதற்கும் இவை சான்றாகின்றன. ஒரு மாதிரியில் எந்தப் பகுதி அசைகின்றது, எது திறக்கின்றது, எது கழல்கின்றது என்பதை உற்று நோக்கினால், வாங்கியவர்கள் எதைப் பற்றிக் கவலைப்பட்டனர் என்பது தெரியவரும். சாம்பலை எளிதாக அள்ள முடியுமா, உருளையில் விரல் சிக்காதா, பனிக்கட்டி நாளைக்கும் இருக்குமா என்பனபோன்ற கேள்விகள் நூல்களில் அரிதாகவே பதிவாகியுள்ளன. தவறான பெயருடன் விற்கப்படும் ஒவ்வொரு பொம்மையும் இச்சான்றைக் குழப்புகின்றது. அதேபோல், பொம்மைகளைப் பொம்மைகளாகவே அறிவதும் பயனுள்ளதே. எதிர்கால இல்லத்தரசியாகச் சிறுமியர் எவ்வாறு பழக்கப்பட்டனர் என்பதை அவை கூறுகின்றன.

இவற்றையும் பார்க்கவும்

* காப்புரிமை
* வார்ப்பிரும்பு
* சலவை இயந்திரம்
* தையல் இயந்திரம்
* ஒப்புரு மாதிரி